விட்ட இடத்தில நிக்குது

2023 ஆடி மாதம் நான் லீவில் வீட்டுக்கு வந்தபோது ஜீப்பை விற்பதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வவுனியாவில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். விலைகூடப் பேசியாயிற்று. அப்பா மட்டும் முன்விறாந்தையில் இருந்துகொண்டு, ஒருவரும் கேட்காத நேரங்களில், "வாகனத்தில ஏதோ பிழை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஜீப் என்று சொல்வது ஒரு லாண்ட் றோவர். 1974 ஆம் ஆண்டு, சீரிஸ் 3, 88 அங்குலக் குட்டை. 1971 முதல் 1985 வரை வந்த மொடல் அது. இரண்டேகால் லீற்றர் டீசல் எஞ்சின். பவர் ஸ்டியறிங் இல்லை, ஏசி இல்லை, மழைக்கு ஒழுகாத யன்னலும் இல்லை. மலையகத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் உழைத்துக் களைத்ததை 2012 இல் அப்பா வாங்கிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தார். விதைநெல், உரம், வேலைக்கு வருகிற ஆக்களின் சாப்பாடு, ஒருமுறை பக்கத்து வீட்டு மாட்டுக்கன்று எல்லாம் அதில்தான் போய் வந்தன. நான் ஓடப் பழகினதும் அதில்தான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு ஊரில் கிடந்த பழைய இரும்பெல்லாம் பவுண் விலைக்குப் போனதால், வவுனியாக்காரர் சொன்ன விலையைக் கேட்டு அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் கண் விரிந்ததில் பிழை சொல்ல ஏலாது.

ஆனால் விற்க நினைத்ததற்குக் காசு முதல் காரணமில்லை.

அந்த வருடம் மாசி மாதம், அறுவடை நேரம், வயல் வரம்பால் வந்த ஜீப்பின் இடது முன்சில்லு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. முன்பக்க ஸ்பிறிங்கில் முதல் தட்டு முறிந்துபோனது. உண்மையில் அதுக்கு முதலே ஸ்டியறிங்கில் நல்ல ஆட்டம் இருந்தது. வளையத்தை ஒரு நாலு விரல் திருப்பினால்தான் சில்லு அசையத் தொடங்கும். ஸ்பிறிங் மாத்தப் போற இடத்தில் முன்பக்கத்தை முழுக்கச் செய்துவிடுவோம் என்று அப்பா நினைத்தார். டவுனில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டார். ஸ்பிறிங் இரண்டு, அதின்ர புஷ் எல்லாம், கிங்பின் கிட் இரண்டு பக்கமும், வீல் பேரிங், ரொட் எண்ட் ஆறும் புதுசு. சாமான் பாதி கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்தது. பில் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது.

ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கே அப்பா சொன்னாராம், "முந்தியை விட மோசம்" என்று. றோட்டில் அலையுது. நேரே பிடிக்க ஏலாமல் கிடக்கு. திருப்பிக் கொண்டுபோனார். பாஸ் ஓடிப் பார்த்துவிட்டு, "ஐயா, முன்பக்கம் முழுக்கப் புதுசு. வேணுமெண்டால் ஸ்டியறிங் பொக்ஸையும் கொஞ்சம் இறுக்கி விடுறன்" என்று சொல்லி இறுக்கிக் கொடுத்தார். இன்னும் மோசம். மூன்றாம் தரம் போனபோது பாஸ் ஒன்றும் செய்யவில்லை. "ஐயா இனிக் கொஞ்சம் மெதுவா ஓடினாச் சரி" என்றாராம்.

அந்த வசனம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முந்தின வருடக் கடைசியில் அப்பாவுக்கு லேசான பக்கவாதம் வந்து, இடது கை இரண்டு கிழமை சரியாக எழும்பாமல் இருந்து, பிறகு தெளிந்தது. வயது அறுபத்தெட்டு. வாய்க்காலுக்குள் இறங்கினதும், புது முன்பக்கத்தோடும் நேரே ஓட ஏலாமல் இருக்கிறதும், பாஸ் சொன்னதும் சேர்ந்தால் என்ன கணக்கு வரும்? வீட்டில் எல்லாரும் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டோம். ஒருவரும் வாயால் சொல்லவில்லை. கனடாவில் இருந்து அண்ணா, "விலை நல்லா இருக்கேக்க குடுத்திடுறது நல்லம்" என்று மட்டும் சொன்னான். நானும் கொழும்பில் இருந்துகொண்டு "ஓம் அண்ணா" என்றேன்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் அந்த "ஓம் அண்ணா".

வந்த இரண்டாம் நாள் நான் ஜீப்பை எடுத்தேன். பரந்தனுக்குப் போகத்தான். அப்பா பக்கத்தில் ஏறி இருந்தார். ஏ9 இல் ஏறி நாற்பது தொட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது, இது அப்பாவின் கையில்லை. வளையத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் கொடுத்தால் ஜீப் இடப்பக்கம் போகுது. சரி. ஆனால் அது திரும்பி வரவில்லை. நான் கொண்டுவர வேண்டிக்கிடந்தது. கொண்டுவரும்போது கொஞ்சம் கூடிப்போகுது, இப்ப வலப்பக்கம். திரும்ப இடம். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு விலத்திப் போனது. கொண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

முதலில் காற்று என்று நினைத்தேன். சோளகம் வீசுகிற காலம். லாண்ட் றோவர் ஒரு பெட்டி மாதிரி, பக்கக்காற்றுக்கு நல்லாய் அசையும். அதனால் பரந்தனில் இடப்பக்கம் திரும்பிப் பூநகரி றோட்டில் கொஞ்சத் தூரம் போய், திரும்பி வந்தேன். காற்று என்றால் போகும்போது ஒருபக்கமும் வரும்போது மற்றப்பக்கமும் தள்ள வேண்டும். இது இரண்டு தரமும் இரண்டு பக்கமும் போனது.

"நான் சொன்னனான் தானே," என்றார் அப்பா. "விட்ட இடத்தில நிக்குது."

நான் அதைக் கேட்டேன். ஆனால் கேட்கவில்லை. "அலையுது" என்பதைத்தான் மண்டைக்குள் எடுத்தேன்.

அலைகிறது என்றால் எங்கேயோ லூஸ் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஆட்டத்தைத் தேடுவதற்கு ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது, ஒரு சதமும் செலவில்லை. ஜீப்பை நிலத்தில் நிற்பாட்டி, ஒருவர் உள்ளே இருந்து வளையத்தை இடமும் வலமும் சின்னதாய் ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே படுத்து, வளையத்தில் இருந்து சில்லு வரைக்கும் ஒவ்வொரு மூட்டாய்ப் பார்க்க வேண்டும். இந்த மொடலில் அது நீண்ட வழி. பொக்ஸ், அதில் இருந்து ஒரு தண்டு, முன்சட்டத்துக்குள் செங்குத்தாய் நிற்கிற றிலே, அதில் இருந்து இன்னொரு தண்டு, பிறகு இரண்டு சில்லையும் சேர்க்கிற ட்றாக் றொட். அசைவு எந்த மூட்டுக்குள் போய் வெளியே வராமல் சாகிறதோ, அங்கேதான் ஆட்டம். தொட்டுப் பார்த்தால் கண்ணை விட விரலுக்குக் கெதியாய்த் தெரியும்.

அப்பா உள்ளே இருந்து ஆட்டினார். நான் கீழே சாக்குப் போட்டுப் படுத்தேன். றோட்டால் போன ஒரு மாமா சைக்கிளை நிற்பாட்டி, "என்ன, பிள்ளைக்குப் பாங்கில வேலை போட்டுதோ?" என்று கேட்டார். அப்பா "ஓமோம், இனி இதுதான்" என்றார்.

ஒன்றும் லூஸ் இல்லை. அடுத்து முன்பக்கத்தை ஜாக் அடித்துப் பாலைக்குத்தி வைத்து, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். (ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதையுங்கோ. தயவு செய்து.) இதில் அப்பா சொல்லித் தந்த ஒரு வித்தை இருக்கிறது. சில்லு ஆடினால், ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின். எங்களுக்கு அந்த வித்தைக்கு வேலையே வரவில்லை. கல்லுமாதிரி இருந்தது. யூ போல்ட் எல்லாம் இறுக்கம். ஸ்பிறிங் இடம் வலம் மாறிப் பூட்டியிருக்கிறார்களோ என்றும் பார்த்தோம். இந்த ஜீப்பில் ட்றைவர் பக்கத்து ஸ்பிறிங் கொஞ்சம் கூட வளைந்திருக்கும், மாறினால் சரிந்து நிற்கும். சரியாகத்தான் இருந்தது. பாஸ் சொன்னது பொய்யில்லை, எல்லாம் புதுசு, எல்லாம் இறுக்கம்.

எங்களிடம் ஒரு மனுவல் இருந்தது. தோட்டத்தில் இருந்து ஜீப்போடு வந்த போட்டோக்கொப்பி, பாதிப் பக்கம் ஒயில். இங்கிலிஷில் இருப்பதால் அப்பா படம் மட்டும் பார்ப்பார். இரவு அதை வாசித்தேன். ரயருக்குக் காற்று 25 என்று கிடந்தது. அடுத்த நாள் அளந்தால் நாலிலும் 40. ரயர்க் கடையில் எல்லாருக்கும் அடிக்கிற காற்று. 25 க்கு இறக்கினோம். ஓடிப் பார்த்தால் ஒவ்வொரு சின்னக் கிடங்குக்கும் துள்ளி விலகுகிறது குறைந்திருந்தது. ஆனால் அலைவு போகவில்லை.

கியூஆர் கோட்டாவில் டீசல் வாங்குகிற காலம் அது. ஒவ்வொரு ஓட்டத்தையும் எண்ணித்தான் ஓடினோம். அதுவும் நல்லதுக்குத்தான். டீசல் தாராளமாய் இருந்திருந்தால் நாங்கள் நாலு விசயத்தை ஒன்றாய் மாற்றிவிட்டு ஓடிப் பார்த்திருப்போம், எது என்ன செய்தது என்று தெரியாமலே போயிருக்கும்.

அடுத்தது சில்லுகளின் திசை. முன்சில்லு இரண்டும் முன்னுக்குக் கொஞ்சம் ஒடுங்கி நிற்க வேண்டும். இந்த மொடலுக்கு 1.2 இல் இருந்து 2.4 மில்லிமீற்றர். அதுக்கு எலைன்மென்ட் மெசின் தேவையில்லை. இரண்டு ரயரின் பின்பக்கத்திலும், அச்சுத்தண்டு உயரத்தில், நடுவில் சோக்கால் கோடு போட்டு இடைவெளியை அளந்தோம். பிறகு ஜீப்பை அரைச்சுற்று முன்னுக்குத் தள்ளி, அதே கோடுகள் முன்னுக்கு வந்தவுடன் திரும்ப அளந்தோம். அதே கோட்டை அளப்பதால் றிம் கோணலாய் இருந்தாலும் பிழை வராது. ஒன்று, பின்னுக்குத் தள்ளக்கூடாது. முன்னுக்குத் தள்ளினால்தான் மூட்டுகளில் இருக்கிற இளக்கம் ஓடும்போது இருக்கிற பக்கத்துக்குப் போகும்.

முன்னுக்கு 5 மில்லிமீற்றர் கூட. ஒடுங்க வேண்டியது விரிந்து நின்றது. புது ரொட் எண்ட் பூட்டினவர்கள் கண்மட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள். விரிந்து நிற்கிற சில்லுகள் இரண்டும் வேறுவேறு வீட்டுக்குப் போக நினைக்கிற ஆக்கள் மாதிரி. எந்தச் சில்லில் பாரம் கூடுதோ அது சொல்கிற பக்கம் ஜீப் போகும். ட்றாக் றொட்டின் இரண்டு நுனியிலும் புரி எதிர்எதிர்த் திசையில் இருப்பதால் கிளாம்பை இளக்கிக் குழாயைச் சுற்றினால் காணும், நீளம் மாறும். 2 மில்லிமீற்றர் ஒடுக்கத்தில் கொண்டுவந்து நிற்பாட்டினோம்.

அதுக்குப் பிறகு ஓடினபோது நான் சரிவந்துவிட்டது என்றே நினைத்தேன். றோட்டுச் சாலில் விழுந்தவுடன் பறக்கிற குணம் போய்விட்டது. ஐந்து நிமிடம் போகவில்லை, அலைவு திரும்ப வந்தது. முந்தி மாதிரிப் பயப்பிடுத்தவில்லை. அமைதியாய் அலைந்தது. அது இன்னும் எரிச்சல்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. வவுனியாக்காரர் அம்மாவுக்கு எடுத்து "என்ன மாதிரி?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தா. நான் "ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம்" என்றேன்.

மூன்றாம் நாள் கடைக்குப் போக என்னுடைய பழைய லுமாலாவை எடுத்தேன். ஏழெட்டு வருடம் கொட்டிலில் கிடந்த சைக்கிள். ஹாண்டில் பக்கம் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. ஏறி மிதித்தால் நேரே போகவில்லை. பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டு போனது. எனக்கு ஓ/எல் காலம் ஞாபகம் வந்தது. ஒருமுறை ஹாண்டில் லூஸ் என்று சைக்கிள் கடையில் கொடுத்து, கப்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது ஒழுங்கை நடுவில் போக ஏலாமல் இரண்டு வேலிக்கும் போய் வந்தேன். சைக்கிளைக் கையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறவர்களுக்கு இது தெரியும். சைக்கிள் தன்னைத்தானே நேர்ப்படுத்தும். சரிகிற பக்கம் முன்சில்லு தானாய்க் கொஞ்சம் திரும்பி, திரும்ப நேருக்கு வரும். அதுக்கு ஹாண்டில் இலேசாய்ச் சுழல வேண்டும். இறுகிப் போனால் சில்லு தானாய்த் திரும்பாது. ஒவ்வொரு சின்னத் திருத்தத்தையும் நாங்கள்தான் செய்ய வேண்டும், நாங்கள் எப்போதும் கொஞ்சம் கூடச் செய்வோம்.

ஒழுங்கையிலேயே சைக்கிளை நிற்பாட்டினேன். விட்ட இடத்தில நிக்குது.

ஜீப்பிலும் அதே கதைதான். சில்லு திரும்புகிற அச்சு, அதாவது கிங்பின், நேர் செங்குத்தாய் நிற்பதில்லை. மேல்நுனி மூன்று பாகை பின்னுக்குச் சரிந்திருக்கும். அந்தச் சரிவால்தான் வளைவு முடிந்து கையை இளக்கினவுடன் சில்லு தானாய் நேருக்கு வருகிறது. சரிவு எவ்வளவு சரியாய் இருந்தாலும், திருப்புகிற மூட்டு இறுகிக் கிடந்தால் அந்தச் சின்ன விசை அதை வெல்லாது. அப்பா முதல்நாளே சொன்னது இதைத்தான். "இழுக்குது" என்று சொல்லவில்லை, "ஆடுது" என்று சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் வாகனம் ஓடின ஒருவர் சரியான சொல்லைத் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறார். கராஜிலும் வீட்டிலும் நாங்கள் எல்லாரும் அதை ஒரு வயது போனவரின் முறைப்பாடாய் மொழிபெயர்த்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து வளவுக்குள்ளேயே பார்த்தோம். முதல் கியரில் ஊர்ந்து, வளையத்தைப் பாதி திருப்பிக் கையை எடுத்தேன். நல்ல ஜீப் என்றால் வளையம் சுற்றி நேருக்கு வர வேண்டும். இது அப்படியே வட்டம் போட்டது. கிணற்றடியில் அம்மாவின் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு முழம் முன்னால் பிறேக் பிடித்தேன்.

இனி எது இறுக்கம் என்று பிரிக்க வேண்டும். முன்சில்லு இரண்டையும் நிலத்தை விட்டுத் தூக்கி, ஒவ்வொரு தண்டாய்க் கழற்றினோம். ரொட் எண்ட் கழற்றுவதற்குக் கருவி இல்லாவிட்டால், நட்டை இளக்கிவிட்டு, அது இருக்கிற காதின் ஒருபக்கத்தில் ஒரு சுத்தியலை முட்டுக்கொடுத்து மற்றப்பக்கம் இன்னொரு சுத்தியலால் அடித்தால் குதித்து வரும். பொக்ஸில் இருந்து வருகிற தண்டைக் கழற்றினவுடன் வளையத்தைச் சுற்றிப் பார்த்தோம். நடுவில் மட்டும் ஒரு பிடி. பாஸ் இரண்டாம் தரம் இறுக்கின இறுக்கு. பக்கத்தில் இருக்கிற ஸ்குறூவைக் கால்சுற்று இளக்கினோம், போய்விட்டது. றிலேயைக் கையால் திருப்பினால் ஒரே சீராய்ப் பாரமாய்த் திரும்பியது, அது அதின்ர குணம். மேல்மூடியில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஒன்றால் ஒயில் விட்டு மற்றதால் காற்று வெளியேற விட்டோம். அதோடு விட்டுவிட வேண்டும். றிலேக்குள் பலமான ஸ்பிறிங் ஒன்று அமத்தி வைத்துக் கிடக்கு, பழக்கமில்லாமல் கழற்றினால் முகத்துக்கு வரும். மலையகத்தில் அப்படிப் பல்லைக் கொடுத்த ஒருவரை அப்பாவுக்குத் தெரியும்.

மிச்சம் கிங்பின். ட்றாக் றொட்டையும் கழற்றி, இரண்டு சில்லையும் தனித்தனியாய் விட்டோம். வலப்பக்கத்தைக் கையால் தள்ளினால் பாரமாய் என்றாலும் போனது. இடப்பக்கத்துக்கு நான் காலை முட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. அளந்து பார்க்க ஆசைப்பட்டுச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, மீன் கொண்டுவருகிற அண்ணையிடம் அவருடைய தொங்குதராசைக் கேட்டேன். அவரும் நின்று பார்த்தார். ஸ்டியறிங் கையின் நுனியில் கொளுவி இழுத்தால், அசையத் தொடங்கினபோது வலப்பக்கம் 9 கிலோ காட்டியது. இடப்பக்கம் 16 ஐத் தாண்டியது. "பாரை மீன் நிறை" என்றார் அண்ணை.

கிங்பின்னின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது மேல்பின்னுக்குக் கீழே வைக்கிற சிம் என்கிற மெல்லிய தகடுகள். தகட்டை எடுத்தால் இறுகும், போட்டால் இளகும். புதுக் கிட் போட்டவுடன் பழைய கணக்கு மாறும், திரும்ப அளந்து போட வேண்டும். எங்களுக்கு இப்ப சிம் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது, பஞ்சிகாவத்தையோ முந்நூறு கிலோமீற்றருக்கு அங்கால.

அப்பா ஒன்றும் சொல்லாமல் கொட்டிலுக்குள் போனார். ஒரு உரப்பையோடு வந்தார். எந்தக் கராஜுக்குப் போனாலும் கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர் அவர். அம்மா இருபது வருடமாய் அதுக்குப் பேசுறா. பையைக் கொட்டினால் பழைய ரொட் எண்ட், முறிந்த தட்டு, பழைய கிங்பின்கள். இடப்பக்கத்துப் பின்னின் அடியில் கிறீஸோடு ஒட்டிக்கொண்டு கடதாசி மாதிரி இரண்டு தகடு. வலப்பக்கத்தில் ஒன்று. பழைய பின்னோடு சிம்மும் போயிருக்கிறது. புதுப்பின்னைச் சிம்மே இல்லாமல் இறுக்கியிருக்கிறார்கள்.

பெற்றோலில் கழுவித் துடைத்து, ஒன்றொன்றாய்ப் போட்டு அளந்தோம். இடப்பக்கத்துக்கு இரண்டும், வலத்துக்கு ஒன்றும் போட்டபோது இரண்டு பக்கமும் தராசு ஏறக்குறைய ஏழில் வந்து நின்றது. அதுக்கு மேலே இளக்கக்கூடாது. கிங்பின்னில் அந்தக் கொஞ்ச இறுக்கம் இருந்தால்தான் வேகத்தில் சில்லு உதறாது. எல்லாவற்றையும் பூட்டி, ஸ்பிளிட் பின் எல்லாம் புதிதாய்ப் போட்டு, ஒடுக்கத்தைத் திரும்ப அளந்து முடிக்க வெள்ளிக்கிழமை இருட்டிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா ஓடினார். நான் பக்கத்தில். பரந்தன் தாண்டி ஆனையிறவு வரைக்கும். இரண்டு பக்கமும் கடல்நீர், நடுவில் றோட்டு, சோளகம் நேரே பக்கத்தில் அடிக்கிற இடம். காற்றுத் தள்ளத்தான் செய்தது. அப்பா ஒரு விரல் கொடுத்தார், ஜீப் திரும்பி வந்தது. கையை இளக்கினார், வளையம் தானாய் நேருக்கு வந்து நின்றது. வளையத்தில் இப்ப இரண்டு விரல் ஆட்டம் இருக்கிறது. பொக்ஸை இளக்கினதால் வந்தது. ஐம்பது வருட வாகனத்துக்கு அது காணும்.

திரும்பி வருகிற வழியில் கராஜில் நிற்பாட்டினார். எனக்குள் கோபம் இருந்தது, நான் கதைக்கத் தயாராகத்தான் இறங்கினேன். அப்பா முந்திவிட்டார். "தம்பி, சிம் மூண்டு பையுக்குள்ள வந்திட்டுது." பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா ஆட்டம் எண்டுதானே வந்தனீங்கள். அதுதான் நல்லா இறுக்கினனான்" என்றார். என்னைப் பார்த்து, "தங்கச்சி, அந்தத் தராசால என்னெண்டு அளந்தனீங்கள்?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். காசைப் பற்றி அப்பா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் சரியாய்ப் படவில்லை.

கராஜில் கதைத்து முடிய மைமலாகிவிட்டது. வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போய் அப்பா ஜீப்பை ஓரம் கட்டினார். "இனி நீ ஓடு. எதிர்வெளிச்சம் கூசுது." நான் சுற்றி வந்து ஏறினேன். போகும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். இரண்டாம் கியரைப் போட அவருடைய இடது கை இரண்டு தரம் தேடினது. ஜீப்பில் பிழை இருந்தது உண்மை. அந்தக் கையும் உண்மை. வீட்டில் அதை நான் சொல்லவில்லை. அவராகவே சாப்பிடும்போது, "இருட்டுக்கை இனி நான் எடுக்கேல்லை" என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வவுனியாக்காரர் எடுத்தார். அம்மாதான் கதைத்தா. "இப்போதைக்குக் குடுக்கேல்லைத் தம்பி" என்றா. அப்பா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார்.